சண்முகத்துக்கு: ஆண்டோர் நாலு பாகம் பார்த்துவிட்டேன்

கோயம்புத்தூர்
2 அக்டோபர் 2022, ஞாயிறு

அன்புள்ள சண்முகம்,

இங்கே எல்லோரும் நலம். தங்கச்சிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன தடவை எழுதும்போது கேட்காமல் விட்டதற்கு மல்லிகா இன்னும் என்னைக் குத்திக் காட்டுகிறாள். ஷார்ஜாவில் வெயில் குறைய ஆரம்பித்திருக்கும், மாலையில் கொஞ்சம் நடக்கச் சொல்.

நாளை மறுநாள் ஆயுத பூஜை. இரண்டு நாளாகப் பட்டறையைக் கழுவிக்கொண்டிருக்கிறோம். பழைய லேத் அடித்தட்டில் எத்தனை வருஷத்து எண்ணெயும் சுருளும் இருந்தது என்று நினைக்கிறாய்? முருகேசன் காட்டன் வேஸ்டும் மண்ணெண்ணெயுமாக உட்கார்ந்து துடைத்து எடுத்தபோது உள்ளே பச்சைப் பெயின்ட் தெரிந்தது. அந்த மெஷினுக்குப் பச்சை நிறம் என்பதையே நான் மறந்து போயிருந்தேன். ஆர்டர் சுமாராக இருக்கிறது. வார்ப்புக் காசு ஏறிக்கொண்டே போகிறது, நாம் கேட்கும் ஜாப் ரேட் மட்டும் ஏற மாட்டேன் என்கிறது. இது உனக்குத் தெரிந்த கதைதான், விடு.

எழுத உட்கார்ந்த விஷயம் வேறு. ஆண்டோர் என்ற புது ஸ்டார் வார்ஸ் தொடரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். போன மாதம் 21-ஆம் தேதி மூன்று பாகத்தை ஒன்றாக விட்டார்கள், அப்புறம் புதனுக்குப் புதன் ஒன்று. இந்த சீசனுக்கு மொத்தம் பன்னிரண்டு. நாலு முடித்திருக்கிறேன். ஸ்டார் வார்ஸைத் தலைமுழுகிவிட்டதாக மூன்று வருஷத்துக்கு முன்னால் நீ எழுதினாயே, அந்தக் கடிதம் இன்னும் என் மேஜை டிராயரில்தான் கிடக்கிறது. இந்த வருஷம் வந்த ஓபி-வான் தொடரைப் பார் என்று உன்னை நச்சரித்து, பாதியில் நானே கொட்டாவி விட்டதும் நினைவிருக்கிறது. ஆனாலும் இதை ஒரு தடவை கேள்.

ரோக் ஒன் படம் நினைவிருக்கிறதா? 2016 டிசம்பரில் நீ லீவில் வந்திருந்தபோது பார்த்தோம். கடைசியில் ஒருத்தர்கூட மிச்சமில்லாமல் எல்லோரும் செத்துப் போகிறார்களே என்று வெளியே வந்து பார்க்கிங்கில் வண்டியை எடுக்காமல் நின்று பேசிக்கொண்டிருந்தோம். அதில் வந்த உளவாளி காஸியன் ஆண்டோர்தான் இதில் நாயகன். அந்தப் படத்துக்கு ஐந்து வருஷம் முன்னால் நடக்கிறது கதை. ரோக் ஒன்னே மூலக்கதையிலிருந்து பிரிந்த கிளை, இது அந்தக் கிளையில் முளைத்த கிளை. கிளையில் கிளை விட்டால் காய் சிறுத்துப் போகும் என்றுதான் நானும் நினைத்தேன். அதுவும், முடிவு தெரிந்த ஆள். கடற்கரையில் கருகிப் போவதைப் பார்த்துவிட்டோம். துப்பாக்கியை நீட்டினால் பிழைப்பானா மாட்டானா என்று பதைக்கவே வழியில்லை. இரண்டு பாகம் போன பிறகுதான் புரிந்தது, அது தெரிந்திருப்பதே நல்லதாகப் போயிற்று. பிழைப்பானா என்ற கேள்வி இல்லாததால், இவன் எப்படி அந்த ஆளாக ஆகிறான் என்று நிதானமாகப் பார்க்க முடிகிறது. இப்போதைக்கு அவன் ஊர் முழுக்கக் கடன் வைத்திருக்கிற, வாய் கூசாமல் பொய் சொல்கிற, யாருக்கும் பிரயோஜனமில்லாத பயல்.

ஆரம்பமே மழை பெய்கிற ராத்திரி. தொலைந்துபோன தங்கையைத் தேடி ஒரு விபசார விடுதிக்குப் போகிறான். அங்கே குடித்துக்கொண்டிருந்த இரண்டு காவலாளிகள் அவனை வம்புக்கு இழுக்கிறார்கள், வெளியே வந்ததும் மறித்துக் காசு கேட்கிறார்கள். கைகலப்பில் ஒருத்தன் விழுந்து செத்துவிடுகிறான், அது வேண்டுமென்று நடந்ததில்லை. மற்றவன் கெஞ்சுகிறான், இரண்டு பேரும் சேர்ந்தே போய் நடந்ததைச் சொல்லிவிடலாம் என்கிறான். காஸியன் ஒரு நொடி யோசித்துவிட்டு அவனைச் சுட்டுவிடுகிறான். முதல் பாகம், முதல் பத்துப் பதினைந்து நிமிஷம், அதற்குள் நாயகன் கொலைகாரன். லேசர் வாளும் இல்லை, மந்திரசக்தியும் இல்லை, நாலு பாகத்தில் ஒரு ஜெடாய் வீரன்கூடத் தலைகாட்டவில்லை. வில்லன் டார்த் வேடர் வராத ஸ்டார் வார்ஸா என்று நீ கேட்பாய். கேட்டுக்கொள்.

எனக்குப் பிடித்தது அந்த ஊர். ஃபெரிக்ஸ் என்று பெயர். பழைய விண்கப்பல்களை வாங்கி உடைத்து, உதிரியாகப் பிரித்து விற்கிற ஊர். செங்கல் வீடு, குறுகலான தெரு, எங்கே பார்த்தாலும் துரு. ஊர் நடுவில் ஒரு கோபுரம். விடிந்ததும் அதன் உச்சியில் ஒருவர் ஏறி, கொல்லன் பட்டறையில் இருக்குமே அது மாதிரி ஒரு பெரிய பட்டடைக் கல்லைச் சுத்தியலால் அடிக்கிறார். டங்... டங்... அந்தச் சத்தத்துக்கு ஊர் எழுந்து வேலைக்குப் போகிறது. எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது சண்முகம். அப்பாவுக்கு முதல் ஷிப்ட் என்றால் சங்கு ஊதுவதற்குள் அம்மா தூக்குப் போசியைக் கட்டி வைத்திருப்பாள். சிங்காநல்லூரில் எந்த மில் சங்கு எது என்று நம் ரெண்டு பேருக்கும் காதாலேயே தெரியும், இல்லையா? அப்பா வேலை பார்த்த மில் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. சங்கு நின்று போனது எந்த வருஷம் என்று யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. ஒரு சத்தம் தொடங்கினால் தெரிகிறது, நின்றால் தெரிவதில்லை.

அந்த ஊரில் இன்னொன்று. தெருவோரம் ஒரு நீளமான சுவர், அதில் வரிசையாகக் கொக்கி, ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு ஜோடி வேலைக் கையுறை. வேலை முடிந்து போகிறவர்கள் கழற்றி மாட்டிவிட்டுப் போகிறார்கள், காலையில் வந்து எடுத்துக்கொள்கிறார்கள். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. கேமராவும் அங்கே நின்று உனக்கு விளக்கம் சொல்வதில்லை. ஒவ்வொரு கையுறையும் ஒவ்வொரு விதமாக நைந்திருக்கிறது. நான் படத்தை நிறுத்திவிட்டு அதை மட்டும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மல்லிகா வந்து பார்த்துவிட்டு, நெட் நின்றுவிட்டதா என்று கேட்டாள்.

இந்த ஊர் முழுவதையும் இங்கிலாந்தில் பக்கிங்ஹாம்ஷயரில் லிட்டில் மார்லோ என்ற இடத்தில் நிஜமாகவே கட்டியிருக்கிறார்களாம். மாண்டலோரியன் தொடரில் சுற்றிலும் பெரிய எல்.ஈ.டி. திரை வைத்து, அதில் பாலைவனத்தை ஓடவிட்டு எடுத்தார்களே, அந்த வித்தை இதில் இல்லை. அரங்கம் அமைத்தவர் லூக் ஹல், செர்னோபில் தொடருக்கு அமைத்தவர் அவர்தான். அந்தத் தொடரைப் பார்த்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை என்று நீ எழுதியிருந்தாய். சுவரைப் பார்த்தாலே இதில் எத்தனை வருஷத்துக் கரி படிந்திருக்கிறது என்று தெரிகிற மாதிரிச் செய்கிற கை அது. எழுதி நடத்துகிறவர் டோனி கில்ராய். ரோக் ஒன்னைக் கடைசி நேரத்தில் திருத்தி எழுதி, மறுபடி எடுக்க வைத்துக் கரையேற்றியவர். ஸ்டார் வார்ஸ் பக்தர் எழுதியது மாதிரி ஒரு வரிகூட இதில் இல்லை, அதுதான் எனக்கு ஆறுதல்.

குறை இல்லாமல் இல்லை. காஸியன் சின்னப் பையனாக இருந்தபோது கெனாரி என்ற கிரகத்தில், காட்டில், பெரியவர்களே இல்லாத பிள்ளைக் கூட்டத்தோடு திரிவதை நடுநடுவே காட்டுகிறார்கள். அந்தப் பிள்ளைகள் ஏதோ மொழி பேசுகிறார்கள், கீழே எழுத்தும் போடவில்லை. போடாதது சரிதான், ஆனால் மூன்று பாகத்திலும் அதே காட்டுக்குத் திரும்பத் திரும்பப் போகும்போது சூடு ஆறிவிடுகிறது. அப்புறம் முதல் இரண்டு பாகமும் இழுவைதான், ஒளிக்காமல் சொல்கிறேன். அதனால்தான் மூன்றையும் சேர்த்து விட்டிருக்கிறார்கள் போல. தனித்தனியாக வாராவாரம் வந்திருந்தால் பாதிப் பேர் இரண்டாவது வாரமே போயிருப்பார்கள். நீயும் மூன்றையும் ஒரே மூச்சில் பார். ஒரே படமாக நினைத்துக்கொள்.

மூன்றாவது பாகத்துக்காகச் சொல்கிறேன். காஸியனைப் பிடிக்கக் கம்பெனிக் காவலர்கள் ஊருக்குள் வந்து இறங்குகிறார்கள். கவனி, விண்வெளியை ஆளுகிற பேரரசின் படை இல்லை. அந்தப் பகுதிக்குக் காவல் வேலையைக் கான்ட்ராக்ட் எடுத்திருக்கிற ஒரு கம்பெனியின் ஆட்கள். அவர்கள் தெருவில் நடக்கும்போது, எங்கோ ஒரு வீட்டில் யாரோ இரும்பை இரும்பால் தட்டுகிறார்கள். அடுத்த வீட்டில் ஒரு தட்டு. அப்புறம் தெரு முழுக்க. யாரும் வெளியே வரவில்லை, ஒருத்தரும் கல்லெறியவில்லை, தட்டுகிறார்கள் அவ்வளவுதான். உடைத்துப் பிழைக்கிற ஊருக்கு இரும்புக்கா பஞ்சம். காவலர்களின் முகத்தில் வேர்வை அரும்புகிறது. துப்பாக்கி வைத்திருப்பவன் பயப்படுவதை அவ்வளவு நெருக்கத்தில் நான் பார்த்ததில்லை. காஸியனை வளர்த்த கிழவி மார்வா தன் வீட்டில் அவர்கள் பிடியில் உட்கார்ந்திருக்கிறாள், அந்தச் சத்தம் கேட்க ஆரம்பித்ததும் அவள் முகம் மாறுகிறது பார். ஃபியோனா ஷா. அந்த முகத்துக்காகவே பார்க்கலாம்.

பீ-டூ என்று ஒரு பழைய ரோபோ அந்த வீட்டில் இருக்கிறது. திக்கித் திக்கிப் பேசும். காஸியன் அதைப் பொய் சொல்லச் சொன்னால், பொய் சொல்லலாம், ஆனால் பேட்டரி நிறையச் செலவாகும் என்கிற மாதிரி ஏதோ சொல்கிறது. நம் வாட்ச்மேன் தாத்தா மாதிரியே.

இப்போது நான் எழுத வந்த ஆளுக்கு வருகிறேன். சிரில் கார்ன். அந்தக் காவல் கம்பெனியில் துணை அதிகாரி. சின்னப் பையன், முகத்தில் எப்போதும் ஒரு விறைப்பு. இரண்டு காவலாளிகள் செத்த செய்தி வந்ததும் ராத்திரி முழுக்கத் தூங்காமல் உட்கார்ந்து அறிக்கை தயார் செய்துகொண்டு வந்து மேலதிகாரி முன்னால் நிற்கிறான். மேலதிகாரி பழம் தின்று கொட்டை போட்டவர். ஒரு நிமிஷத்தில் முழுக் கதையையும் பிரித்து வைத்துவிடுகிறார். அந்த இடத்தில் விடுதியே இருக்கக் கூடாது. இருக்கிறதிலேயே விலை கூடின இடம், இவன்கள் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. குடித்தது, குடிக்கக் கூடாத சரக்கு. எவனையோ சீண்டியிருக்கிறான்கள், சீண்டக் கூடாதவனாகப் போய்விட்டான். ஆகவே தம்பி, யாருக்கோ உதவப் போய் விபத்தில் இறந்தார்கள் என்று எழுதி மூடிவிடு, நான் மேலிடத்துக்குக் கணக்குக் கொடுக்கப் போகிறேன், திரும்பி வரும்போது இந்த விஷயம் இருக்கக் கூடாது. சொல்லிவிட்டுப் பையனை மேலும் கீழும் பார்த்து, யூனிஃபார்மில் ஏதாவது மாற்றம் செய்தாயா என்று கேட்கிறார். ஆமாம், பாக்கெட்டும் ஓரப் பட்டியும், கொஞ்சம் பிடித்துத் தைத்திருக்கிறேன் என்கிறான்.

சண்முகம், நான் அங்கே நிறுத்திவிட்டேன்.

1993. பம்ப் கம்பெனியில் நாம் ரெண்டு பேரும் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு சூப்பர்வைசர் என்று சொன்ன மறுநாளே கம்பெனி கொடுத்த சட்டையை டெய்லரிடம் கொடுத்து இடுப்பில் பிடிக்கச் சொன்னேன், பேனாவுக்குத் தனியாக ஒரு பாக்கெட் வைக்கச் சொன்னேன். நீதான் கேலி செய்தாய். அப்புறம் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற வைண்டிங் செக்‌ஷனில் அந்த ஆள், பேர் எழுத வேண்டாம், உனக்குத் தெரியும். டிபன் பாக்ஸ் அடியில் செம்புக் கம்பித் துண்டு. கையளவு இருக்கும். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, விட்டுடுப்பா, தீபாவளி போகட்டும், நான் கூப்பிட்டுக் கண்டிச்சுக்கிறேன் என்றார். நீயும் விட்டுவிடச் சொன்னாய். நான் அன்று ராத்திரி உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினேன். தேதி, நேரம், எடை எல்லாம் போட்டு. மேனேஜரைத் தாண்டி மேலே அனுப்பினேன். தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் அந்த ஆளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். நீ மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.

இதைப் பற்றி நாம் அப்புறம் பேசியதே இல்லை. நான் எழுதியதில் ஒரு பொய்கூடக் கிடையாது. சிரில் கார்னும் பொய் சொல்லவில்லை, அதுதான் தொந்தரவு. இரண்டு பேர் செத்திருக்கிறார்கள், கொன்றவனைத் தேடுகிறான். மேலதிகாரி தூசியைப் பாய்க்கு அடியில் தள்ளுகிறார், இவன் மட்டும் விதியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். எழுதிப் பார்த்தால் அவன்தான் நேர்மையானவன். ஆனால் மேலதிகாரி ஊரில் இல்லாத நேரத்தில் ஆயுதத்தோடு ஆட்களைக் கூட்டிக்கொண்டு அந்தத் தெருவில் அவன் இறங்கும்போது, தைத்துப் பிடித்த அந்தச் சட்டையைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. எல்லாம் கெட்டுப் போய் ஆட்கள் செத்து விழுந்தபின் அவன் கல்லாய்ச் சமைந்து நிற்கிறான், கூட வந்தவன் உலுக்கி இழுக்க வேண்டியிருக்கிறது. நாலாவது பாகத்தில் வேலை போய் அம்மா வீட்டுக்கு வருகிறான். கதவைத் திறந்ததும் அம்மா அவனை ஓர் அறை விடுகிறாள். விட்டுவிட்டு அப்படியே கட்டிப்பிடித்துக்கொள்கிறாள். சிரிப்பும் வந்தது, சிரிக்கவும் முடியவில்லை.

நாலாவது பாகம் கிட்டத்தட்ட வேறு தொடர். ஊர், முகம் எல்லாம் புதிது. உளவுத் துறைக் கூட்டம் ஒன்று வருகிறது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளாளுக்குத் தன் பகுதியின் கணக்கை ஒப்பிக்கிறார்கள், தலைவர் குறுக்குக் கேள்வி கேட்டு மடக்குகிறார், ஒருத்தி தன் எல்லையைத் தாண்டித் தகவல் கேட்டதற்குச் சக அதிகாரி சண்டைக்கு வருகிறான். பேரரசு என்றால் கறுப்பு முகமூடி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மாதக் கடைசி ரிவ்யூ மீட்டிங்காக இருக்கிறது. காஸியனை ஒரு வேலைக்குச் சேர்த்துவிடுகிறார்கள், ஒரு முழுப் பிராந்தியத்தின் மூன்று மாதச் சம்பளப் பணத்தைக் கொள்ளையடிக்கிற வேலை. அங்கேயும் சம்பள நாள்தான் கதை, பார்.

சேர்த்துவிடுகிறவர் லூதன், ஸ்டெல்லன் ஸ்கார்ஸ்கார்ட். பேரரசுக்கு எதிரான கலகத்துக்கு ஆள் பிடிக்கிறவர், தலைநகரில் பழம்பொருள் கடை நடத்துகிறவராக வேஷம். கப்பலில் தனியாக இருக்கும்போது அழுக்கு உடையைக் கழற்றி, பட்டு உடை போட்டு, விரலில் மோதிரங்களை மாட்டி, டோப்பா வைத்துக்கொள்கிறார். கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பழகிப் பார்க்கிறார். முதல் சிரிப்பு சரியில்லை, முகம் தளர்ந்து மறுபடி ஏறுகிறது. மேக்கப் அறையில் கூத்துக்காரர் பெண் வேஷம் கட்டுவதைச் சின்ன வயதில் பந்தல் ஓட்டை வழியாகப் பார்த்தோமே, அதே தான். வசனம் ஒன்றும் இல்லை.

வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து, உங்கள் வீட்டுத் திண்ணையில் ராத்திரி முழுக்க மூன்று கேசட் பார்த்தோமே, அதில் முதல் ஸ்டார் வார்ஸ் ஓடும்போது படத்தில் கோடு கோடாக விழுந்தது. உங்கள் அப்பா பாதியில் எழுந்து வந்து, இவங்கெல்லாம் எப்போடா சாப்பிடறாங்க, எங்க வேலைக்குப் போறாங்க என்று கேட்டார். நாம் விழுந்து விழுந்து சிரித்தோம். பெரியப்பா இருந்திருந்தால் அவரை உட்காரவைத்து இந்த முதல் மூன்று பாகத்தைக் காட்டியிருப்பேன்.

சரி, வீட்டுச் செய்தி. அம்மிணிக்கு ஹோசூரில் வேலை கிடைத்துவிட்டது, 10-ஆம் தேதி சேர வேண்டும். ஹாஸ்டல் பார்க்க விஜயதசமி முடிந்ததும் நானும் மல்லிகாவும் போகிறோம். ஐந்தாம் பாகமும் அன்றைக்கே வருவதால், அதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன் என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். நீ கேட்ட மெக்கானிக்கல் சீல் அளவை வரைந்து தனியாக வாட்ஸப்பில் அனுப்புகிறேன், கடிதத்தில் எழுதினால் தப்பாகிவிடும்.

நேற்று பட்டறை வாசல் சுவரில் நாலு ஆணி அடித்தேன். லேத்தில் கையுறை போட்டால் கையே போய்விடும் என்று உனக்குத் தெரியும், ஆனால் வார்ப்பு இறக்கவும் வெல்டிங்குக்கும் வேண்டுமே, அதற்கு. எதுக்குண்ணா என்றான் முருகேசன். சும்மாதான் என்றேன். அவன் தன்னுடையதை இன்னும் பைக் சீட்டுக்கு அடியில்தான் திணிக்கிறான். என்னுடையது மட்டும் ஒரு ஆணியில் தொங்குகிறது. பூஜைக்கு அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்துவிடுகிறேன்.

மூன்று பாகமும் பார்த்துவிட்டு எழுது. அந்த வைண்டிங் செக்‌ஷன்காரர் இப்போது எங்கே இருக்கிறார் என்று உனக்குத் தெரிந்தால் அதையும் எழுது. நீ அவரோடு தொடர்பில் இருந்தாய் என்று ஒரு தடவை யாரோ சொன்னார்கள்.

அன்புடன்,
பாலு